ஆரணியில் நான் இல்லாமல் இருந்த வருஷம்

நான் கதவுக்கு உள்ளே உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தேன். வெளியே என் தெருவார் கூடி, அப்படி ஒரு ஆள் இந்த ஊரிலேயே இல்லை என்று யாரிடமோ சாதித்துக்கொண்டிருந்தார்கள்.

கதவு வெளிப்பக்கம் பூட்டியிருந்தது. பூட்டியவர் அடுத்த வீட்டு நெசவாளர் கன்னியப்ப முதலியார். சற்று முன்புதான் அவசரமாக வந்து, "உங்கள கேட்டுகினு ஒரு ஆளு வந்துக்கிறாரு, நைனாரே. சத்தம் போடாம உள்ளயே இருங்க" என்று சொல்லிவிட்டுப் பூட்டை மாட்டிக்கொண்டு போனார்.

எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. வந்திருப்பது என் மாமனாரின் ஆள் என்று நினைத்தேன். முந்தின மாதம் என்னை அழைத்துப்போக அவர் வண்டி அனுப்பியபோதும் தெரு இப்படித்தான் சொல்லி வண்டியைத் திருப்பி அனுப்பியது. அன்று நான் கன்னியப்பருக்கு வெற்றிலை வாங்கிக் கொடுத்தேன்.

நான் சைனன்; நைனார் என்பது எங்களவர் பட்டம். பொழுது சாய்ந்தால் சாப்பிடக் கூடாது. எனவே பெரும்பாலும் அவசரமாகத்தான் சாப்பிடுவேன். அன்று நிதானமாகச் சாப்பிட்டேன். வெளியே ஒரு கனமான குரல், "எத்தனை மாதமாக இந்த வீடு பூட்டிக் கிடக்கிறது?" என்று கேட்டது. மாமனாரின் வண்டிக்காரர் இவ்வளவு இலக்கணமாகப் பேசமாட்டாரே என்று அப்போதாவது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். ரசம் நன்றாக வாய்த்திருந்தது. தோன்றவில்லை.

கடற்காற்று வீசிய மலை

நான் ஆரணிக்குப் போன காரணத்தைச் சொல்லவேண்டும். இந்தத் தொடரில் சென்ற வாரம் கல்லூரிச் சாப்பாட்டைப் பற்றி எழுதி இடத்தை வீணாக்கிவிட்டேன்.

அந்தக் காலத்தில் சென்னையில் சில வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் இரண்டொரு வெள்ளைக்காரர்களும் சேர்ந்து ஒரு சபை நடத்தினார்கள். ஜனங்களின் தொழில், வழக்கம், குடும்ப நடப்பு இவற்றை ஆராய்ந்து எழுதும் பட்டதாரி ஒருவருக்கு உபகாரச் சம்பளம் கொடுப்பது அவர்கள் வேலை. ஒரே நிபந்தனை: யாரைப் பற்றி எழுதுகிறானோ அவர்கள் நடுவே குடியிருந்து எழுதவேண்டும். வீட்டு வாடகையைச் சபையே கொடுக்கும்.

இந்த நிபந்தனைக்கு ஒரு பெரியவர் காரணம். எனக்கு முன்பு சம்பளம் பெற்ற அவர் மலைவாசிகளைப் பற்றி மிக அருமையாக ஒரு நூல் எழுதினார். அச்சுக்குப் போகும் சமயத்தில்தான், அந்த மலையில் தினமும் சாயங்காலம் கடற்காற்று வீசியதாக எழுதியிருப்பதை யாரோ கவனித்தார்கள். அவர் திருவல்லிக்கேணியை விட்டு நகரவே இல்லை. அதற்குப் பிறகு சபை, முதல் வருஷம் முடிவதற்குள் பார்வையாளர் ஒருவரை அனுப்பி, ஆள் அங்கே வசிக்கிறானா என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்க ஏற்பாடு செய்தது. வசிக்கிறான் என்றால் இரண்டாம் வருஷமும் சம்பளம். குடும்பத்தோடு தங்க வாடகையும் கூட்டித் தருவார்கள்.

இரண்டாம் வருஷம் எனக்கு எவ்வளவு முக்கியம் என்பது என் மாமனாருக்குத் தெரியும். வெம்பாக்கத்தில் அவருக்கு நெல் மண்டி. உபகாரம் என்பது பிச்சைக்கு வைத்த பெரிய பேர் என்பது அவர் அபிப்பிராயம். சம்பளம் நின்ற மறுநாளே நான் வந்து மண்டியில் உட்காரவேண்டும், வீட்டோடு மாப்பிள்ளையாக இருக்கவேண்டும் என்று பேச்சு. மண்டியில் எனக்கென்று ஒரு பலகைகூடப் போட்டு வைத்திருந்தார்.

என் மனைவி பத்மாவதி அந்த வீட்டில்தான் இருந்தாள். நான் புறப்பட்ட அன்று கொல்லைப்பக்கம் வந்து, குரலை உயர்த்தாமல் ஒரு கேள்வி கேட்டாள்:

"நீங்களும் எங்கப்பா வூட்டுக்கே வந்துட்டா, நான் எங்கதாங்க போறது?"

ஆரணிக்கு வண்டி ஏறினேன்.

தெருவே காலி

முதலில் ஒரு சங்கடம். பட்டு எப்படி வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். புழுவைக் கூட்டோடு வெந்நீரில் போடுகிறார்கள். எறும்பு செத்துவிடுமோ என்று பார்த்து நடக்கிற குடும்பத்தில் பிறந்தவனைப் பட்டு நெசவாளர் தெருவுக்கு அனுப்புகிறீர்களே, பருத்தி நெய்கிற ஊராகப் பார்த்துக் கொடுக்கக் கூடாதா என்று சபைக்கு எழுதிக் கேட்டேன். ஆராய்ச்சிக்காரனுக்குச் சொந்த அபிப்பிராயம் இருக்கக் கூடாது என்று பதில் வந்தது.

எனக்குக் கிடைத்த வீடு காஞ்சிபுரத்துக்குக் குடிபோன ஒரு நெசவாளருடையது. கூடத்தில் தறிக்குழி அப்படியே இருந்தது. நெசவாளர் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதி மிதிக்கிற குழி அது. போன அன்றே அதில் விழுந்தேன். அதன் பிறகும் விழுந்தேன். கடைசியில் குழிக்குள் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, மேலே பலகை போட்டு எழுதப் பழகினேன். இதுவரை நான் உட்கார்ந்த எழுத்து மேசைகளில் அதுதான் உத்தமமானது.

எழுதுவதற்குத்தான் ஒன்றும் இல்லை. எந்த வீட்டில் கேட்டாலும் ஒரே பதில். "இங்க தறியாங்க? தறி ஏதுங்க?" உள்ளே தறி தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுக்காரர் இருக்கிறாரா என்றால் இல்லை. எப்போது வருவார் என்றால், யார்? அவர்கள் சொன்னபடி எழுதியிருந்தால், தெருவே காலி, வாசலில் நிற்பவர்கள் யாரென்று தெரியவில்லை என்று ஒரு வரியில் ஆராய்ச்சியை முடித்திருக்கலாம்.

தறி வரி ஒழிந்து ஒரு தலைமுறை ஆகியிருந்தது. தெரு அதை மறக்கவில்லை. குடை, பூட்ஸ், காகிதம் மூன்றும் ஒருவனிடம் சேர்ந்து இருந்தால் அவனுக்கு உண்மை சொல்லக் கூடாது. ஒருவர் சொன்னதை மற்றவர் மாற்றிச் சொல்லவும் கூடாது. தெருவுக்கு ஒரு வாய்தான். எனக்கு இதைச் சொன்னவர் கன்னியப்பர். அப்போது நான் பூட்ஸை விட்டு, குடையைத் தொலைத்து, நாலைந்து தடவை குழியில் விழுந்து நொண்டிக்கொண்டிருந்தேன். காகிதம் மட்டுமே மிச்சம். அதைப் பெரிய மனது பண்ணி விட்டுக்கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம். நான் இருட்டுமுன் சாப்பிடவேண்டும் என்பதைத் தெரு தன் வேலையாக எடுத்துக்கொண்டது. எந்த வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாலும் சூரியன் சாயும்போது கன்னியப்பரின் மனைவி தாயாரம்மாள் வாசலில் வந்து நின்று, "நைனாரே, பொழுது எறங்குது" என்று குரல் கொடுப்பார். பேச்சு பாதியில் நிற்கும். எல்லோரும் சேர்ந்து என்னை அடுப்புக்குத் துரத்துவார்கள்.

வீட்டுக்கு ஒரு கோல்

பாவு நீட்டுவது என்று ஒரு வேலை உண்டு. சேலையின் நீளத்துக்கான இழைகளையெல்லாம் விடியற்காலையில் தெரு நெடுகிலும் இழுத்துக் கட்டுவார்கள். இடையிடையே குறுக்கே கோல் செருகி, கோலுக்கு ஒருவர் பிடித்துக்கொள்ள, அறுந்த இழையை முடிந்து, மெல்லிய கஞ்சி தடவி, வெயில் ஏறுமுன் சுருட்டிவிட வேண்டும். நீட்டிய பாவை யாரும் தாண்டக் கூடாது, அடியில் நுழையவும் கூடாது. கவர்னர் வண்டி வந்தாலும் நிற்கவேண்டியதுதான்.

யார் வீட்டுப் பாவாக இருந்தாலும் தெரு முழுவதும் வரும். வீட்டுக்கு ஒரு கோல். ஒரு வீட்டுக் கோலை இன்னொரு வீட்டார் தொடமாட்டார்கள். தொட்டால் அந்த வீட்டில் விளக்கு வைக்க ஆள் இல்லை என்று அர்த்தம். வீட்டுக்காரருக்குச் சாவுச் செய்தி வந்து, வாரிசும் இல்லையென்று ஆன பிறகே அது நடக்கும்.

என் வீட்டுக்கும் ஒரு கோல் இருந்தது. சொந்தக்காரர் காஞ்சிபுரம் போனபின் ஒவ்வொரு தடவையும் அவருடைய மைத்துனர் வந்து அவர் பெயரால் பிடித்துவிட்டுப் போனார். நான் குடிவந்து சில வாரம் கழித்து ஒரு காலை, கன்னியப்பர் அந்தக் கோலைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்; அன்று முதல் அது என் கோல். பட்டாயிற்றே என்று தயங்கினேன். பிறகு, நான் பிடிப்பது கோலைத்தான், நூலைத் தொடவில்லை என்று முடிவுசெய்தேன். என் அம்மாவுக்கும் அப்படியே எழுதினேன். அம்மா அந்த வாதத்தை ஏற்கவில்லை. இன்றுவரை நானும் முழுக்க ஏற்கவில்லை.

முசாபரி பங்களா

பூட்டு திறந்தபோது நன்றாக இருட்டியிருந்தது. கன்னியப்பர் சந்தோஷமாக இருந்தார். ஆளை நன்றாகத் திருப்பி அனுப்பியாயிற்று என்றார். ஒரே ஒரு சிக்கல். பேச்சு நடக்கும்போதே பழக்க தோஷத்தில் தாயாரம்மாள் பூட்டின கதவைப் பார்த்து, "நைனாரே, பொழுது எறங்குது" என்று கத்திவிட்டார். யாரை அழைக்கிறாய் என்று வந்தவர் கேட்டாராம். தாயாரம்மாள், "எங்க மாடுங்க" என்றாராம். அவர் அதை எழுதிக்கொண்டாராம்.

எழுதிக்கொண்டாரா என்று கேட்டேன். ஆமாம், பூட்ஸ், குடை, காகிதம், தங்கச் சட்டம் போட்ட மூக்குக் கண்ணாடி, எல்லாம் இருந்தது என்றார் கன்னியப்பர். சபையின் பார்வையாளர்!

வெளியூர் உத்தியோகஸ்தர்கள் தங்கும் முசாபரி பங்களாவுக்கு ஓடினேன். அவர் பென்ஷன் வாங்கிய ஜட்ஜ். சாய்வு நாற்காலியில் இருந்தார். நான் இன்னார் என்றேன்.

"நீர் அவர்தான் என்பதை நான் மறுக்கவில்லை," என்றார். "அங்கே வசிக்கிறீரா என்பதுதான் கேள்வி. தெரு முழுவதும் இல்லை என்கிறது. வீடும் பூட்டியிருந்தது."

தம்மவர் ஒருவரைத் தேடி அந்நியர் வந்தால் இல்லை என்று சொல்வது அந்தத் தெருவின் வழக்கம், என் கட்டுரையின் இரண்டாம் பகுதியில் விவரமாக எழுதி அனுப்பியிருக்கிறேன், ஆகவே அவர்கள் இல்லை என்றதே நான் அங்கே வசிப்பதற்கு அத்தாட்சி என்று சொன்னேன். எனக்கே அது அழகான வாதமாகப் பட்டது.

"படித்தேன்," என்றார் ஜட்ஜ். "அதனால் அரிசிக்காரத் தெருவிலும் போய்க் கேட்டேன். அங்கேயும் நீர் இல்லை என்றார்கள். அங்கேயும் வசிக்கிறீரா?"

"இல்லை. அவர்கள் சொன்னது உண்மை."

"இவர்கள் சொன்னது பொய். இரண்டுக்கும் வித்தியாசம் எப்படித் தெரிந்துகொள்வது?"

"அங்கே குடியிருந்தால்தான் தெரியும்."

"நீர் குடியிருந்தீரா என்பதுதானே கேள்வி," என்று சொல்லி விளக்கைச் சிறிதாக்கினார்.

திரும்பி வந்து கன்னியப்பரின் கையைப் பிடித்துக்கொண்டேன். பங்களாவுக்கு வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லும்படி கெஞ்சினேன். மாமனார், மண்டி, பலகை, பத்மாவதி கேட்ட கேள்வி எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் முடியாது என்று தலையை ஆட்டினார்.

"தெரு சொன்ன சொல்லுங்க, நைனாரே. நான் ஒருத்தன் போய் மாத்தினா மத்தவங்க எல்லாம் பொய்யனாயிட மாட்டாங்களா?"

எல்லோரும் சொன்னது பொய்தானே என்று கேட்டேன். அது வேறே என்றார். தாயாரம்மாளுக்கோ நான் அடைந்த நஷ்டத்தைவிட, என்னை மாடு என்று சொல்லிவிட்டதுதான் தாங்கவில்லை. அழுதுகொண்டே உள்ளே போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் பெட்டியைக் கட்டினேன்.

பாவுக்குச் சொல்லவில்லை

விடிந்தபோது வாசலில் பாவு நீட்டியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எல்லாக் கோலிலும் ஆட்கள் நின்றார்கள். என் வீட்டுக் கோலுக்கு நேரே மட்டும் பாவு தொய்ந்து கிடந்தது. எல்லோரும் என் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

கன்னியப்பர் வந்து கதவைத் தட்டினார். "நைனாரே, ஜல்தி வாங்க. கஞ்சி காயுது."

"நான்தான் இந்தத் தெருவிலேயே இல்லையே," என்றேன். "இல்லாதவன் எப்படிக் கோல் பிடிப்பான்?"

அவர் ஜன்னல் பக்கம் வந்தார்.

"அது ஆபீசருக்குச் சொன்னதுங்க. பாவுக்குச் சொல்லலியே."

நான் அசையவில்லை. அவர் போய்விட்டார். இவ்வளவு தூரம் நான் வீம்பு பிடித்தேன் என்று பத்மாவதியிடம் பிற்பாடு சொன்னபோது அவள் நம்பினாள். அவளுக்கு என்னைத் தெரியும்.

அந்தச் சமயத்தில் ஜட்ஜின் மாட்டுவண்டி தெருவுக்குள் வந்தது. பெரிய பாதையில் நெல் வண்டிகள் மோதிக்கொண்டு அடைத்திருந்ததால், ரயிலடிக்குப் போக வண்டிக்காரர் இந்த வழியாகத் திருப்பியிருக்கிறார். பாவைப் பார்த்ததும் மாட்டை நிறுத்திவிட்டு அமைதியாகப் பொடி போட ஆரம்பித்தார். உள்ளூர்க்காரர்.

ஏன் வேலை நடக்கவில்லை என்று ஜட்ஜ் கேட்டார். ஒரு கோலுக்கு ஆள் வரவில்லை என்றார்கள். அது யாருடைய கோல் என்று கேட்டார். எல்லோரும் கன்னியப்பரைப் பார்த்தார்கள்.

"அந்த வூட்டுக் கோலுங்க," என்றார் கன்னியப்பர்.

"பூட்டிக் கிடந்த வீடா?"

"ஆமாங்க."

"அந்த வீட்டில் யாரும் இல்லை என்று நேற்றுச் சொன்னாய்."

"ஆமாங்க. யாரும் இல்லீங்க."

"அப்படியானால் உங்களில் ஒருவர் அந்தக் கோலையும் பிடியுங்கள். எனக்கு ரயிலுக்கு நேரமாகிறது."

யாரும் நகரவில்லை. கஞ்சிச் சட்டி வைத்திருந்த தாயாரம்மாள் தரையைப் பார்த்தார். ஜட்ஜ் வண்டியை விட்டு இறங்கி, நானே பிடிக்கிறேன் என்று கையை நீட்டினார். பக்கத்துக் கோல்காரர் இருவர் பாவை விடாமலே குறுக்கே வந்துவிட்டார்கள்.

"தொடாதீங்க, சாமி," என்றார் கன்னியப்பர். "உசிரோட கீற ஆளு கோலுங்க அது."

ஜன்னலுக்குப் பின்னால் நான் உட்கார்ந்த இடத்திலேயே அழுதேன். எனக்காக ஒரு பொய்யை ஊரே தாங்கி நின்றது, என் கோலில் மட்டும் பொய் சொல்ல அவர்களுக்குக் கை வரவில்லை. அவ்வளவு பேருக்கு நான் வேண்டியவனாக இருந்தேன் என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது.

ஜட்ஜ் என் கதவருகே வந்தார். தட்டவில்லை.

"ஐயா, யாராக இருந்தாலும் வெளியே வந்து உம்முடைய கோலைப் பிடியும். என் வண்டி போகவேண்டும்."

போய்ப் பிடித்தேன். தொய்வு நிமிர்ந்தது. கஞ்சி தடவினார்கள், இழை முடிந்தார்கள். வெயில் ஏறுமுன் பாவு சுருண்டது. அவ்வளவு நேரமும் ஜட்ஜ் குடையை விரித்துக்கொண்டு நின்று பார்த்தார். ரயில் போயிருக்கும். அவர் அதைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை.

வண்டி ஏறும்போது கன்னியப்பரைக் கூப்பிட்டு, என்னைக் காட்டி, "இவர் யார்?" என்று கேட்டார்.

நான் கோலைத் தோளில் வைத்துக்கொண்டு கன்னியப்பருக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தெரியலீங்க," என்றார்.

ஜட்ஜ் தலையசைத்து, முழங்காலில் காகிதத்தை வைத்து ஏதோ எழுதிக்கொண்டு போனார். அடுத்த மாதம் சபையிலிருந்து கடிதம் வந்தது. இரண்டாம் வருஷச் சம்பளமும் குடும்ப வாடகையும் அனுமதிக்கப்பட்டிருந்தன. மாட்டைப் பற்றி அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை.

பெட்டி

நடந்ததையெல்லாம் பத்மாவதிக்கு ஒரு கடிதமாக எழுதினேன். என் கட்டுரையைவிட அது நீளமாக இருந்தது. வரச்சொல்லியும் எழுதினேன், தேதி குறிக்கவில்லை. மாமனார் விடுவாரோ என்னவோ என்று சந்தேகம்.

ஒரு சாயங்காலம் நான் உள்ளே அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். வெளியே வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. ஒரு பெண் குரல் என் பெயரைச் சொல்லி, எந்த வீடு என்று கேட்டது. ஊதுகுழலைப் போட்டுவிட்டு எழுந்தேன்.

அதற்குள் கன்னியப்பரின் குரல் வந்துவிட்டது.

"அப்படி யாரும் இங்க இல்லீங்களே, அம்மா."

பக்கத்து வீட்டாரும் இல்லை என்றார்கள். எதிர்வீட்டாரும் இல்லை என்றார்கள். நான் அவசரத்தில் தறிக்குழியில் ஒரு காலை விட்டு, எழுந்து, நொண்டிக்கொண்டே வாசலுக்கு வந்தேன்.

பத்மாவதி வண்டியில் உட்கார்ந்தபடியே எல்லோரையும் ஒரு முறை பார்த்தாள். முகம் மலர்ந்தது. வண்டிக்காரர் பக்கம் திரும்பினாள்.

"இந்தத் தெருதான். பெட்டிய எறக்கு."